யூனிஃபார்மா, டிரஸ் கோடா, மேலே ஒரு கோட்டா?

எங்கள் முதலாளி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசல். ஒரே மெரூன் புடவையில் இருபது பெண்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். “புதுக் கிளை திறக்கும்போது நம்ம ஆளுங்களும் இப்படி நிக்கணும்ப்பா. என்ன செலவாகும்னு கணக்குப் போட்டுக் குடு.”

எங்களுடையது திருச்சியில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, மிக்சி, குக்கர், கட்டில், பீரோ எல்லாம் உண்டு. இரண்டு கிளைக்கும் சேர்த்து 43 பேர். கவுண்டரில் 18, பில்லிங்கும் கணக்கும் 6, குடோனில் 11, டெலிவரியும் இன்ஸ்டலேஷனும் 8. இவர்களில் பெண்கள் 16 பேர். எல்லோரும் கவுண்டரிலோ பில்லிங்கிலோதான். சம்பளம், லீவு, ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. அதனால் இந்த வேலையும் என் மேஜைக்கு வந்தது.

கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: எதைச் சரிசெய்ய யூனிஃபார்ம்? கடையில் இரண்டு நாள் நின்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெரியவர், ஏசி பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளரிடம் போய், “தம்பி, இதுல ஒன்றரை டன் இருக்கா?” என்று கேட்டார். அவரும் பாவம், ஸ்டிக்கரைப் படித்துப் பதில் சொன்னார். எங்கள் ஆள் யார் என்று தெரியாததுதான் உண்மையான குறை. இன்னொன்று, குடோனில் ஹவாய் செருப்போடு ஃபிரிட்ஜ் தூக்குவது. மூன்றாவது, முதலாளியின் ஆசை: பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும். மூன்றும் மூன்று விஷயம். ஒரே துணியால் மூன்றையும் மூட முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் முழு யூனிஃபார்ம். துணிக் கடையில் விலை கேட்பது சுலபம். சிந்தெடிக் புடவை மொத்தமாக எடுத்தால் 550 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். ஆளுக்கு மூன்று என்றால் 1,650. ஆண்களுக்குச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேண்டுக்கு 1.3 மீட்டர், தையல் கூலியும் சேர்த்து ஒரு செட் 1,400 ரூபாய். முதலாளியிடம் சொல்ல வேண்டிய தொகை கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் பில்லிங்கில் இருக்கும் ஒரு பெண் கேட்டார், “சார், பிளவுஸ் யாரு தைப்பா?”

புடவையோடு பிளவுஸ் துணி வரும். ஆனால் மெல்லிய சிந்தெடிக் துணிக்கு லைனிங் வைக்காமல் தைக்க முடியாது. நாங்கள் விசாரித்த டெய்லர் லைனிங் பிளவுஸுக்கு 450 ரூபாய் கேட்டார். மூன்றுக்கு 1,350. அப்புறம் ஃபால்ஸ், அதே நிறத்தில் உள்பாவாடை. புடவையைக் கடை கொடுக்கிறது, மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், கிட்டத்தட்ட புடவை விலைக்குச் சமமான செலவைப் பெண்கள் தலையில் கட்டுகிறோம். ஊரில் பல கடைகளில் நடப்பது இதுதான். ‘இலவச யூனிஃபார்ம்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் பிளவுஸ் தையல் கூலி இருக்காது. எல்லாவற்றையும் கடையே ஏற்றால் ஒரு பெண்ணுக்கு 3,200, ஓர் ஆணுக்கு 4,200. மொத்தம் 1,64,600 ரூபாய்.

அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும். கவுண்டர் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வருடம் தாண்டுவதில்லை. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அடுத்தவருக்குச் சேராது. இங்கேதான் சில முதலாளிகளுக்கு ஒரு யோசனை வரும்: சம்பளத்தில் பிடித்துவிடலாம். என் முதல் வேலையில் எனக்கு அது நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். முதல் மாதச் சம்பளத்தில் யூனிஃபார்முக்கு என்று 1,800 ரூபாயைப் பிடித்தார்கள். வேலையை விடும்போது திருப்பிக் கொடுத்தால் பணம் வரும் என்றார்கள். ஐந்தாம் மாதம் விட்டேன். துவைத்து, இஸ்திரி போட்டு, அம்மா கொடுத்த மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுபோனேன். மேனேஜர் ஒரு சட்டையை விரித்து, காலரை விரலால் தடவி, “நைஞ்சிருக்கேப்பா” என்றார். பணமும் வரவில்லை, சட்டையும் திரும்ப வரவில்லை. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டுச் சட்டமே பட்டியல் போட்டிருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் முதலாளி தன் இஷ்டத்துக்குக் கழித்திருக்க முடியாது. அதனால் இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையானவன் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

பணத்தை விட்டுவிடுவோம். கவுண்டரில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். எங்கள் கடையில் பதினோரு வருடம். அவரிடம் புடவையைப் பற்றிக் கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கும் தம்பி. மேல் ரேக்குல இருக்கிற குக்கரை எடுக்க ஏணி ஏறணும்ல? அப்ப கீழ யாரு நிப்பா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் விடவில்லை. “லால்குடி பஸ்ல வர்ற புள்ளைங்க இதைக் கட்டிக்கிட்டே வரணுமா, இல்ல இங்க வந்து மாத்தணுமா? இங்க மாத்தணும்னா எங்க?” எங்கள் கடையில் உடை மாற்றத் தனி அறை இல்லை. கழிப்பறையில் புடவை கட்டச் சொல்வது மனிதர்கள் செய்கிற வேலையா? யூனிஃபார்ம் என்றால் ஓர் அறை, ஒரு கண்ணாடி, ஆளுக்கொரு லாக்கர். என் கணக்கில் அது எதுவும் இல்லை.

அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். அதில் ஒரு நாற்காலிகூட இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற கடைப் பெண்களுக்காகத்தான் 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்றது. உடையைப் பற்றி யோசிக்கும்போது எல்லோரும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை யோசிக்கிறோம். பத்து மணி நேரம் நிற்கிறவருக்குப் பிரச்சினை கணுக்காலுக்குக் கீழே. 2022-இல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர், பணிப்பெண்களுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பை விட்டுவிட்டு ஸ்னீக்கரும் பேண்ட்டும் கொடுத்தது. விமானத்திலேயே ஸ்னீக்கர் போடலாம் என்றால் குக்கர் விற்கும் இடத்தில் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது வழி, டிரஸ் கோடு. துணி வாங்கித் தர வேண்டியதில்லை; எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும். முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் செலவு பூஜ்யம். முன்மாதிரியும் உண்டு. 2019-இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு இப்படி ஓர் ஆணை போட்டது. பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் ஃபார்மல் பேண்ட்டும், அல்லது வேட்டி. டி-ஷர்ட் கூடாது. அதைப் பார்த்து நானும் எங்கள் கடைக்கு ஒரு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன்.

ஆண்களுக்கு இரண்டு வரியில் முடிந்தது: சட்டையை இன் பண்ண வேண்டும், ஷூ போட வேண்டும். பெண்களுக்கு எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. லெக்கிங்ஸ் கூடுமா? கூடும் என்றால் டாப்ஸ் எவ்வளவு நீளம்? ஷாலின் இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டுமா, ஒரு பக்கம் போதுமா? ஸ்லீவ்லெஸ்? பூ? கொலுசு? ஒன்பது வரி ஆனதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. யார் இதை அளந்து பார்ப்பது? எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர், 26 வயசுப் பையன். அவன் ஒரு பெண்ணிடம் போய் “உங்க டாப்ஸ் நீளம் பத்தாது” என்று சொல்லும் காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ‘நாகரிகமான உடை’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் என்ன? இன்னும் மோசம். அப்போது அளவுகோல் தாளில் இருக்காது, சூப்பர்வைசர் கண்ணில் இருக்கும்.

பக்கத்தில் கேரளத்தில் இதே சண்டை ஆசிரியைகளுக்கு நடந்தது. புடவைதான் கட்ட வேண்டும் என்று சில நிறுவனங்கள் பிடிவாதம் பிடிக்க, கல்லூரி ஆசிரியைகள் தங்களுக்கு வசதியான உடையில் வரலாம் என்று 2021-இல் அந்த மாநில உயர்கல்வித் துறை தெளிவுபடுத்த வேண்டி வந்தது. நம் ஊர்த் தனியார் பள்ளிகள் பலவற்றில் இன்னும் புடவைதான், அதன்மேல் ஒரு கோட். அந்தக் கோட் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டிரஸ் கோடுக்குச் செலவு பூஜ்யம் என்றேனே, அது கடைக்குத்தான். 14,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேரும் பையனிடம் நாலு ஃபார்மல் சட்டை, மூன்று பேண்ட், கறுப்பு ஷூ வேண்டும் என்று சொன்னால், அவன் முதல் மாதச் சம்பளத்தில் கால்வாசி அதிலேயே போய்விடும். சம்பளத்தில் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிடித்தம் சீட்டில் தெரியும், இது தெரியாது. அவ்வளவுதான். இவ்வளவுக்கும் பிறகு எங்கள் முதல் குறை அப்படியே நிற்கிறது: இன் பண்ணி ஷூ போட்டு வரும் வாடிக்கையாளர்களும் உண்டே! பெரியவர் மறுபடியும் ஆள் மாறித்தான் கேட்பார்.

மூன்றாவது, எதுவும் வேண்டாம், இப்போது இருப்பதுபோலவே விட்டுவிடலாம். 2015-இல் இன்ஃபோசிஸ் போன்ற பெரிய நிறுவனமே உடை விதியைத் தளர்த்தி, வாரம் முழுக்கச் சாதாரண உடையில் வரலாம் என்றது. ஆனால் அங்கே வாடிக்கையாளர் கணினித் திரைக்கு அந்தப்பக்கம் இருக்கிறார். இங்கே தோளை உரசிக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை போதாதா என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தோம். ஏணியில் ஏறினால் ஆடுகிறது, மிக்சி டெமோ காட்டக் குனிந்தால் ஜாரில் இடிக்கிறது. எல்லோரும் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்கள்.

ஆக மிஞ்சியது நான்காவது: உங்கள் உடை உங்கள் இஷ்டம், அதன்மேல் கடை கொடுக்கும் ஒன்று. டி-ஷர்ட்டா, கோட்டா?

டி-ஷர்ட் மலிவு. திருப்பூரில் காலர் வைத்தது, மேட்டி என்கிற பின்னல் துணி, நெஞ்சில் எம்பிராய்டரி, மொத்தமாக எடுத்தால் ஒன்று 280 ரூபாய். குடோன் பையன்கள் கேட்ட உடனே சரி என்றார்கள். கவுண்டர் பெண்கள் வேண்டாம் என்றார்கள். சுடிதார் போடுகிறவர் டாப்ஸை எங்கே வைத்துவிட்டு வருவார்? புடவை கட்டுகிறவருக்கு டி-ஷர்ட் எப்படி? கேள்வியே தப்பு.

கோட் என்றதும் முதலில் அவர்கள் முகம் சுளித்ததையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் கோட் எல்லோருக்கும் தெரியும். அது எதற்கு வந்தது என்றும் தெரியும். யாரைத் திருத்த வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு டீச்சரை மூடிய கதை அது. “எங்களை மூடுறதுக்கா சார்?” என்று ஒரு பெண் நேராகவே கேட்டார். இல்லை, ஆண்களுக்கும் அதே கோட்தான், கவுண்டரிலும் பில்லிங்கிலும் இருக்கும் 24 பேருக்கும் ஒன்றே என்று சொன்ன பிறகுதான் பேச்சு நகர்ந்தது. பெண்களுக்கு மட்டும் கோட் என்றிருந்தால் நானே இதைக் கைவிட்டிருப்பேன்.

அடுத்த தடை வெயில். சித்திரையில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். கடைக்குள் ஏசி உண்டு, ஆனால் கதவு திறந்து மூடுகிற வேகத்துக்கு அது வாசல் பக்கம் எட்டுவதில்லை. வக்கீல்களுக்கே கோடைக்காலத்தில் கீழமை நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டிலிருந்து விலக்கு உண்டு. ஜப்பானில் 2005-இல் ‘கூல் பிஸ்’ என்று ஓர் இயக்கத்தையே நடத்தினார்கள்: கோடையில் அலுவலக ஏசியை 28 டிகிரிக்கு வையுங்கள், அதற்கு ஈடாகக் கோட்டையும் டையையும் கழற்றுங்கள் என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே சொன்னது. அவர்கள் கழற்றும்போது நாம் மாட்டுவானேன்? அதனால் கை இல்லாத கோட், இடுப்பு வரை மட்டும், பருத்தி கூடுதலாக உள்ள துணி. முழு பாலியஸ்டர் கசங்காது, சாயம் போகாது, டெய்லரும் அதைத்தான் தள்ளப் பார்த்தார். ஆனால் வியர்வையைக் குடிக்காது. மூன்று மணிக்கு மேல் பக்கத்தில் நிற்க முடியாது.

கோட்டுக்குச் சாதகமாக அவர்களே கண்டுபிடித்த ஒன்று, எனக்குத் தோன்றவே இல்லை: பாக்கெட். ஆண்கள் சட்டையிலும் பேண்ட்டிலும் பேனா, போன், இஞ்ச் டேப் எல்லாம் போட்டுக்கொள்கிறோம். சுடிதாரில் பாக்கெட் இல்லை, புடவையில் கேட்கவே வேண்டாம். எங்கள் பெண்கள் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, டேப்பை எங்கோ வைத்துவிட்டு, வாடிக்கையாளர் பீரோ அளவு கேட்கும்போது தேடுவார்கள். கோட்டில் கீழே இரண்டு பாக்கெட், மேலே ஒன்று என்றதும் மூத்த அக்கா, “அப்ப சரி, தைங்க” என்றார். அன்றைக்குத்தான் இந்த வேலையில் முதல் தடவை யாரோ ஒருவர் தனக்காகக் கேட்டார்.

குடோனை இந்த ஒப்பீட்டிலேயே சேர்த்திருக்கக் கூடாது. அங்கே அது அழகு சம்பந்தப்பட்டது இல்லை. தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது, ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் உடலோடு ஒட்டிய உடை போட வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று. எங்கள் குடோன் தொழிற்சாலை இல்லை, அந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அதன் நியாயம் பொருந்தும். போன ஐப்பசியில் மழையில் நனைந்த சாய்வுப் பலகையில் எங்கள் லோடுமேன் ஒருவர் டபுள் டோர் ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார். ஹவாய் செருப்பு வழுக்கி, பெட்டியின் ஓரம் பெருவிரலில் உட்கார்ந்தது. நகம் போனதோடு தப்பித்தார். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ ஒரு ஜோடி 1,100 ரூபாய். குடோனுக்கும் டெலிவரிக்கும் சேர்த்து 19 பேர்: 20,900. இதில் பேரம் கிடையாது என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கைலியும் கூடாது, பேண்ட் அவரவர் விருப்பம்.

சரி, கார்த்திகை ஒன்றாம் தேதி என்ன செய்வது? எங்கள் கடையில் வருடா வருடம் நாலைந்து பேர் மாலை போடுவார்கள். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். ஊரில் எந்த உடை விதி போட்டாலும் இந்த இடத்தில் முட்டும். மேல்மருவத்தூர் மாலை என்றால் சிவப்பு. சமயபுரத்துக்கு நடக்கிறவர்கள் மஞ்சள். யூனிஃபார்ம் கடைகளில் இதற்கு மேனேஜரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு அனுமதி வாங்குவார்கள். கோட் என்றால் உள்ளே கறுப்போ மஞ்சளோ யாருக்குக் கவலை? பர்தா போட்டு வரும் பெண் ஒருவர் இருக்கிறார். அதன்மேலும் கோட் உட்காரும். குடோனில் வெறுங்கால் மட்டும்தான் சிக்கல். சாமிகளை ஷூ போடச் சொல்லவும் முடியாது, வெறுங்காலோடு ஃபிரிட்ஜ் தூக்க விடவும் முடியாது. அந்த ஒரு மண்டலம் முழுக்க அவர்களுக்கு ஸ்டாக் எண்ணும் வேலை, சின்னச் சாமான் பேக்கிங். இதைச் சலுகையாக இல்லாமல் விதியாகவே எழுதிவிட்டோம்.

இடையில் புதுக் கிளை செக்யூரிட்டி வந்து, “கைலி கட்டிக்கிட்டு வர்றவங்களை உள்ளே விடலாமா சார்?” என்று கேட்டார். ஊழியர் உடையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே அது வாசல் வரை போய்விடும் போல. 2014-இல் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை; அதற்காக அதே வருடம் அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். முசிறிப் பக்கமிருந்து தோளில் துண்டோடு வருகிறவர்தான் எங்களிடம் ரொக்கமாக ஏசி வாங்குகிறார் என்பதையும் சொன்னேன்.

கணக்கு இப்படி முடிந்தது. கோட் ஒன்று 420, 24 பேருக்கு இரண்டிரண்டு: 20,160. டி-ஷர்ட் குடோன், டெலிவரி ஆட்கள் 19 பேருக்கு மும்மூன்று: 15,960. ஷூ 20,900. மொத்தம் 57,020 ரூபாய். எல்லாம் கடைச் செலவு, பிடித்தம் இல்லை, விட்டுப் போகிறவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம். மூன்று சைஸ்தான் என்பதால் அடுத்து வருபவருக்கு அது சேரும். வாரம் ஒருமுறை கோட்டுகளைக் கடையே சலவைக்குப் போடும். உங்கள் கடை நகைக்கடையாகவோ மருத்துவமனையாகவோ இருந்தால் என் முடிவு உங்களுக்கு உதவாது. மருத்துவமனையில் துணியை நிர்வாகமே துவைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அங்கே முழு யூனிஃபார்ம்தான் சரி.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். “அந்தப் படம் மாதிரி வராதேப்பா,” என்றார். வராது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “திறப்பு விழா அன்னைக்கு மட்டும் எல்லாருக்கும் பட்டு எடுத்துக் குடுத்துடுவோமா? போனஸோட சேத்து?” என்றார். பிளவுஸ் தையல் கூலியும் சேர்த்து என்றால் சரி என்றேன்.

நேற்று சாம்பிள் கோட் வந்தது, கருநீலம். மூத்த அக்கா மாட்டிப் பார்த்தார். கையைத் தூக்கினார், ஏணியில் இரண்டு படி ஏறி இறங்கினார். அப்புறம் போனைக் கீழ்ப் பாக்கெட்டில் போட்டுக் குனிந்தார். போன் நழுவி விழுந்தது. “ஒரு இஞ்ச் ஆழம் கூட்டச் சொல்லுங்க தம்பி,” என்று கழற்றிக் கொடுத்தார். டெய்லரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.